தடத்தைத் திறந்து விடுங்கள்: மதுரை வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், போக்குவரத்துத் துறைச் செயலர் அவர்களுக்கும், பஸ் பர்மிட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், நீங்கள் மடலைப் பாதியில் மூடி வைத்தாலும் விஷயம் வந்து சேர்ந்திருக்கும். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வண்டி ஓட்ட ஆள் இருக்கிறது, ஏறுவதற்கு ஆள் இருக்கிறது, டிக்கெட்டுக்குக் காசும் இருக்கிறது. தடத்துக்கு அனுமதிதான் கிடைப்பதில்லை. அந்த அனுமதியைத் திறந்து விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு திறந்து விடச் சொல்லவில்லை. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள், குறைந்த செலவில் யார் ஓட்டுவார் என்று டெண்டர் விடுங்கள், ஓடாத நடைக்கு அபராதம் பிடியுங்கள். அந்த டெண்டரில் அரசு போக்குவரத்துக் கழகமும் கலந்துகொள்ளட்டும். அரசு பஸ்ஸை இழுத்து மூடச் சொல்கிற மடல் இல்லை இது. தொழிற்சங்கத் தோழர்கள் இந்த இடத்திலேயே கோபப்பட்டுவிட வேண்டாம், உங்களுக்கான பகுதி கீழே இருக்கிறது.

நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன். போக்குவரத்து நிபுணன் இல்லை. ஆனால் எந்த ஊர்ப் பூ எத்தனை மணிக்கு வந்தது என்பது என் நோட்டில் இருக்கிறது, சில ஊர்ப் பூ மட்டும் ஏன் எப்போதும் பிந்தியே வருகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் இந்த பர்மிட் சமாச்சாரத்துக்குள் வந்து விழுந்தேன். மல்லிகை மொட்டாக வந்தால்தான் விலை. செக்கானூரணி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பறித்த பிறகு மணிக்கு ஒரு விலை. முகூர்த்த நாளில் வெளியூர் வியாபாரிகள் கொள்முதல் முடித்துக் கிளம்பும் வரைக்கும்தான் மார்க்கெட் மார்க்கெட்டாக இருக்கும். அவர்கள் போன பிறகு வந்தால் அதே தோட்டத்து அதே பூவை சில்லறைக்காரர் கேட்கிற விலைக்குத் தள்ள வேண்டும், அதற்கும் பிந்தினால் சென்ட் கம்பெனிக்காரர்கள் சொல்கிற விலைதான்.

இப்போது பஸ்ஸைப் பாருங்கள். உள்ளூர்களுக்குப் போடப்பட்டிருக்கும் காலை நேரங்கள் பள்ளிக்கூடத்தையும் ஆபீஸையும் மனதில் வைத்துப் போட்டவை, அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பூ பறிக்கிறவருக்கு அவை நண்பகல் வண்டி மாதிரி. உசிலம்பட்டி ரோட்டில் வருகிற வண்டி பெரும்பாலும் ஆரப்பாளையத்தோடு நின்றுவிடும். மார்க்கெட் இருப்பதோ ஊரின் மறுபக்கம். ஈரச் சாக்கு இரண்டைத் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, “தண்ணி சொட்டுது, சாக்கை உள்ளே ஏத்தாதே” என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டு மாட்டுத்தாவணிக்கு வந்து சேர்வதற்குள் மொட்டு வாயைத் திறந்துவிடும். ஆட்டோ பிடித்தால் அன்றைய லாபம் ஆட்டோவோடு போய்விடும்.

அதனால் குட்டியானை வருகிறது. ஒரு டிரைவர், ஒரு சின்ன சரக்கு வண்டி, வழியில் ஆறேழு ஊர். நாளைக்கு முகூர்த்தம் என்றால் முதல் நாள் சாயங்காலமே போன் போட்டு, அரை மணி முன்னாடி வருகிறேன், ரோட்டுக்குக் கொண்டு வந்து வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவார். சாக்குக்கு இவ்வளவு என்று வாடகை, பூ விலை படுத்துக் கிடக்கிற மாதத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். விவசாயி கையில் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் கடையில் போடும் சீட்டில் கமிஷனுக்குக் கீழே “வண்டி” என்று ஒரு கழிவு எழுதி, அந்தப் பணத்தை நாங்களே டிரைவரிடம் கொடுத்துவிடுவோம். நேரம், கட்டணம், பாக்கி வசூல் எல்லாம் தானாக அமைந்துவிட்டது. யாரும் திட்டம் போடவில்லை, மானியம் கேட்கவில்லை, திறப்பு விழாவும் நடக்கவில்லை.

கோளாறு எங்கே என்றால், பின்னால் சாக்குகளுக்கு மேலே ஆட்களும் உட்கார்ந்து வருகிறார்கள். பூக்கட்டுகிற பெண்கள், கோயில் வாசலில் விற்கிறவர்கள், சில நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியும் துணைக்கு வந்தவரும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது, அது சட்டம், நியாயமான சட்டமும்கூட. வண்டி கவிழ்ந்தால் அவர்களுக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது கோர்ட் வாசலில் தொங்கும். போலீஸ் நிற்கிற நாளில் டிரைவர் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டு, அபராதம் என்றால் கட்டிவிட்டு, மறுநாள் அதே ஆட்களை ஏற்றுவார். அபராதம் அவருக்கு டீசல் செலவு போல ஒரு செலவு, அவ்வளவுதான்.

அந்த டிரைவருக்குச் சரக்கு வைக்க இடம் உள்ள இருபது சீட் வேன் ஒன்று எடுத்து ஒழுங்காக ஓட்ட ஆசை. கடன் கொடுக்கவும் ஆள் தயார். விசாரித்துப் பார்த்தபோது வந்த பதில் சுருக்கமானது: அது ஏற்கெனவே பஸ் போகிற தடம். போகிறதுதான். எப்போது போகிறது, எங்கே கொண்டு போய் விடுகிறது என்பதை அந்தப் பதில் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு பஸ் போனால், விடியற்காலை நாலு மணிக்கும் அந்தத் தடம் “பஸ் போகிற தடம்” தானா ஐயா? நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற கேள்வி இது ஒன்றுதான்.

இதில் வேடிக்கை, பஸ் தொழில் என்றால் என்ன என்று தென்னாட்டுக்குக் காட்டிய ஊர் மதுரை. 1912-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் இங்கே பஸ் விட்டார். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம் என்று எங்கள் தாத்தா தலைமுறை சொல்லும். மாட்டு லாடத்து ஆணி டயரைக் கிழிக்கிறது என்று காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி ரோட்டிலிருந்த ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்றும் சொல்வார்கள். ரோடு அவர்களுடையது இல்லை, ஆனால் பஞ்சரும் தாமதமும் அவர்கள் நஷ்டம், அதனால் செய்தார்கள். அப்புறம் 1972-ல் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது, 1997-ல் பெயர் மாறி தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டம் ஆனது. அரசுடைமை ஆனதால் கெட்டுவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. லாபமில்லாத கிராமத்துக்குப் பஸ் போனதும், என் அக்கா போன்றவர்கள் பஸ் பாஸோடு பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படித்ததும் அந்தக் காலத்தில்தான். இன்றைக்கும் வடநாட்டிலிருந்து வருகிறவர்கள் நம் கிராமங்களுக்குள் பஸ் வருவதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் 1972-ல் மதுரைக்குள் வேலைக்கு வந்துபோன ஊர்களும் இன்று வந்துபோகிற ஊர்களும் ஒன்றில்லை. தடம் மட்டும் பழைய கோட்டிலேயே கிடக்கிறது.

சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று சொல்வீர்கள் என்று தெரியும், அதனால் சட்டத்தையும் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, பர்மிட் கேட்டு வரும் மனுவைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்கிறது. ஏற்கெனவே பஸ் வைத்திருந்த முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1991-ல் மிதிலேஷ் கார்க் வழக்கில் அவர்கள் தோற்றார்கள்; புதிதாக ஆட்கள் வந்தால் பயணிகளுக்கு வசதி, பழைய ஆட்கள் அதைத் தடுக்க உரிமை கேட்க முடியாது என்பதுதான் சாரம். அதே சட்டத்தின் ஆறாவது அத்தியாயத்தில்தான் சிக்கல். ஒரு தடத்தையோ பகுதியையோ அரசுக் கழகத்துக்கு என்று ஒதுக்கித் திட்டம் போட்டுவிட்டால் 80-ஆம் பிரிவு வாசலிலேயே நின்றுவிடும். சரி, ஆனால் அந்த அத்தியாயத்திலேயே 102-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பொதுநலன் கருதி அந்தத் திட்டத்தை மாநில அரசு மாற்றிக்கொள்ளலாம், பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். போதாததற்கு 2019 திருத்தத்தில் 67-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள்: கிராமப் போக்குவரத்து, கடைசி மைல் இணைப்பு, நெரிசலைக் குறைப்பது போன்றவற்றுக்காக மாநில அரசு தனித் திட்டம் போட்டு உரிமம் கொடுக்கலாம், சட்டத்தின் மற்ற பகுதிகள் குறுக்கே நிற்காது. இதற்கு மேல் என்ன சாவி வேண்டும்? பேட்டரி வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. டீசல் வேன் தடத்துக்குள் வரக் கூடாது, பேட்டரி வேன் வரலாம் என்றால், அது பயணிகளின் பாதுகாப்புக்காகப் போட்ட தடை என்று எப்படிச் சொல்வது?

பர்மிட்டின் மதிப்பு தெரிய வேண்டுமானால் பழைய பஸ் விற்கிற இடத்தில் நின்று பாருங்கள். வண்டிக்கு ஒரு விலை, பர்மிட்டோடு சேர்த்து என்றால் வேறு விலை. அரசாங்கம் சொற்பக் கட்டணத்துக்குக் கொடுத்த காகிதம் தனியார் கைக்குள் லட்சக்கணக்கில் கை மாறுகிறது. தட்டுப்பாட்டை உண்டாக்கியவர் நீங்கள், லாபம் வேறொருவருக்கு. அதனால்தான் இந்தப் பூட்டைத் திறக்க வேண்டாம் என்று கழகத்தைவிடச் சத்தமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பர்மிட் வைத்திருக்கிற தனியார் முதலாளிகள். தனியார்மயம் என்று பேசுகிறவர்களும் போட்டி என்று பேசுகிறவர்களும் ஒரே ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இரண்டாவது கட்சி.

மினி பஸ் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1997-ல் வந்தது நல்ல யோசனை. ஆனால் மொத்தம் 20 கி.மீ., அதில் ஏற்கெனவே பஸ் ஓடும் ரோட்டில் 4 கி.மீ.க்கு மேல் வரக் கூடாது என்று கயிறு கட்டினார்கள். விளைவு, மினி பஸ் கிராமத்திலிருந்து கிளம்பி ஊர் எல்லையில் ஏதோ ஒரு முக்கில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும், ஜனங்கள் அங்கே அடுத்த வண்டிக்குக் காத்து நிற்பார்கள். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் தூரத்தை 25 கி.மீ. வரை நீட்டியது, அதற்கு நன்றி. ஆனாலும் பெரும்பகுதி பஸ் போகாத தடமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. ஒரு தடத்துக்கு நாலு பேர் மனுப் போட்டால் குலுக்கல். குலுக்கலில் ஊழல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு வண்டி எடுக்கத் தயாராக இருக்கிறவருக்கும், சாயங்காலக் கூட்டத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு மற்ற நடையைக் கட் அடிக்கப்போகிறவருக்கும் குலுக்கலில் ஒரே மதிப்பு. யார் என்ன செய்யத் தயார் என்று நாலு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இனி எதிர்ப்பக்கம் வருகிறேன், ஏனென்றால் போட்டி என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவன் இல்லை நான். டெல்லியில் 1992-ல் தனியாருக்குப் பர்மிட்டை அள்ளிக் கொடுத்தார்கள், ரெட்லைன் என்று பெயர். ஒரே தடத்தில் பத்து முதலாளிகளின் வண்டி, எவன் முன்னால் போய் நிறுத்துகிறானோ அவனுக்கு ஆள். வண்டிகள் ஒன்றை ஒன்று முந்தி ஜனங்களை ஏற்றிக் கொன்றன. திட்டு தாங்காமல் நிறத்தை மாற்றி புளூலைன் என்றார்கள். சாவு நிற்கவில்லை, கடைசியில் எல்லாவற்றையும் படிப்படியாக ரோட்டை விட்டே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த டிரைவர்கள் கெட்டவர்கள் என்பதால் அது நடக்கவில்லை. வருமானம் முழுக்க ஏறும் தலைக்கு இவ்வளவு என்று இருந்தால் மதுரைக்காரனும் அப்படித்தான் ஓட்டுவான். நம் ஊரிலேயே கோரிப்பாளையத்தில் நாலு ஷேர் ஆட்டோ ஒரே ஆளுக்காக ரோட்டை அடைத்து நிற்பதைப் பார்க்கிறோமே.

லண்டனில் வேறு மாதிரி செய்தார்கள். 1985-லிருந்து அங்கே தடத்துக்குத் தடம் டெண்டர். தடம், நேரம், டிக்கெட் விலை மூன்றையும் பொது அமைப்பு தன் கையில் வைத்துக்கொண்டது, வண்டி ஓட்டுகிற வேலைக்கு மட்டும் கம்பெனிகள் போட்டி போட்டன. மறு வருஷம், 1986-ல், லண்டனுக்கு வெளியே எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றார்கள். வெளியே பயணிகள் குறைந்தார்கள், லண்டனில் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பெருகினார்கள். அவிழ்த்துவிட்ட ஊர்களில் ஒன்றான மான்செஸ்டர் 2023-ல் லண்டன் வழிக்கே திரும்பிவிட்டது. ஒரே நாடு, ஒரே அரசு, இரண்டு விதமாகச் செய்து பார்த்துவிட்டார்கள், அந்தச் செலவு நமக்கு மிச்சம். ரோட்டில் ஆளுக்காக அடித்துக்கொள்ளும் போட்டி வேண்டாம், ஒப்பந்தத்துக்காக மேஜை முன் நடக்கும் போட்டி வேண்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நீங்கள் கொடுங்கள், டிக்கெட் காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது டிரைவருக்கு முந்த வேண்டிய அவசியமே இல்லை, கூட்டமில்லாத நிறுத்தத்தில் ஒரு கிழவி கை காட்டினாலும் நிறுத்துவார். வண்டி நேரத்துக்கு ஓடியதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர்கூட வேண்டாம், புதிய பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவி 2019-லிருந்தே கட்டாயம்.

லண்டன் தூரம் என்றால் சென்னை பக்கம்தான். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டிப்போவில் 120 மின்சார பஸ்களை விட்டார்களே, அது இதே முறைதான்: வண்டியும் டிரைவரும் ஒப்பந்தக் கம்பெனியுடையது, கண்டக்டரும் தடமும் டிக்கெட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது, கிலோமீட்டருக்குப் பணம். சென்னையில் கொள்கை பிரச்சினை இல்லாதபோது செக்கானூரணியில் மட்டும் ஏன் வரும்? ஒரே ஒரு வித்தியாசம் செய்யுங்கள். சென்னை டெண்டரில் நூற்றுக்கணக்கான வண்டி வைத்திருக்கிற பெரிய கம்பெனிதான் நுழைய முடியும். இங்கே இரண்டு வண்டி, மூன்று வண்டி வைத்திருக்கிறவரும் நுழைகிற மாதிரி தடங்களைச் சின்னச் சின்னக் கட்டாகப் பிரியுங்கள். என் குட்டியானை டிரைவர் டெண்டர் வைப்புத்தொகையிலேயே வெளியேற்றப்பட்டால் இந்த மடலை எழுதியதே வீண்.

தோழர்களே, இப்போது உங்களிடம். கலெக்‌ஷன் பேட்டாவுக்காக ஓடி, உடைந்த சீட்டுக்கும் ஒழுகும் கூரைக்கும் பயணியிடம் திட்டு வாங்குவது நீங்கள்தான், அதை மறக்கவில்லை. டெண்டர் என்றால் கூலியைக் குறைத்து ஏலம் எடுப்பார்கள் என்ற உங்கள் பயம் சரியானது. அதனால் டிரைவர் சம்பளம், எட்டு மணி நேர வேலை, வாராந்திர லீவு, பி.எப். எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, அதற்குக் கீழே யாரும் விலை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். போட்டி வண்டிப் பராமரிப்பிலும் டீசல் சிக்கனத்திலும் நிர்வாகத்திலும் நடக்கட்டும். இன்னொன்று, நஷ்டத் தடத்தை ஓட்டச் சொல்லிவிட்டு வருஷக் கடைசியில் கழகம் நஷ்டம் என்று உங்கள் மேல் பழி போடுகிறார்களே, அதற்கும் இது முடிவு. அந்தத் தடத்துக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு முன்கூட்டியே விலை ஒத்துக்கொண்டால் நஷ்டம் என்ற பேச்சு எங்கிருந்து வரும்? புதிய தடங்களிலும் புதிய நேரங்களிலும் மட்டும் தொடங்குவோம், இப்போது கழகம் ஓட்டும் ஒரு நடையைக்கூட எடுக்க வேண்டாம்.

அடுத்தது பெண்களுக்கான இலவசப் பயணம். 2021 மே மாதத்திலிருந்து நடக்கிறது, பூக்கட்டும் பெண்களிடம் கேட்டால் இந்த அரசாங்கங்கள் செய்ததில் உருப்படியானது இது என்பார்கள். மானியமாக 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ஒதுக்கினார்கள். ஆனால் அந்தப் பணம் பஸ்ஸோடு கட்டப்பட்டிருக்கிறது, பெண்ணோடு இல்லை. பிங்க் முகப்புள்ள டவுன் பஸ் வருகிற ஊர்ப் பெண்ணுக்கு இலவசம். மினி பஸ் மட்டுமே வருகிற ஊர்ப் பெண் முழு டிக்கெட் எடுக்க வேண்டும், அவள்தான் பெரும்பாலும் இன்னும் ஏழை. ஒப்பந்தத்தில் ஓடும் எந்த வண்டியில் ஏறினாலும் இலவசம், பணத்தை அரசு வண்டிக்காரருக்குக் கொடுக்கும் என்று மாற்றுங்கள். மாணவர் பாஸுக்கும் அதேதான். இதைச் சொன்னால் தனியாருக்குப் பணம் போகிறதே என்கிறார்கள். போகட்டும், அவள் வீடு போய்ச் சேர்கிறாளா என்பதைப் பாருங்கள்.

டிக்கெட் விலையைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2011 நவம்பரில் ஏற்றினார்கள், அப்புறம் 2018 ஜனவரி வரை தொடவில்லை, திடீரென்று ஒரே இரவில் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டர் 42 காசை 60 காசாக்கினார்கள், கல்லூரிப் பிள்ளைகள் ரோட்டுக்கு வந்ததும் 58 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டியது, டிக்கெட் நின்ற இடத்தில் நின்றது. அமைச்சரவை கூடி பஸ் டிக்கெட் விலையை முடிவு செய்கிற வரை இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் எந்த வருஷமும் ஏதாவது ஒரு தேர்தல் வரும். டீசல் விலை, சம்பளம் இரண்டையும் வைத்து ஒரு சூத்திரம் போட்டு வருஷத்துக்கு ஒருமுறை ஐந்து பைசா பத்து பைசா ஏறட்டும், சில வருஷம் இறங்கவும் செய்யட்டும்.

மெட்ரோ விஷயம். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ., 11,300 கோடிக்கு மேல் செலவு என்று திட்டம் அனுப்பினோம். 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள் வேண்டும், 2011 கணக்கில் மதுரை அதற்குக் கீழே என்று 2025 நவம்பரில் டெல்லி திருப்பி அனுப்பியது. பழைய மக்கள்தொகைக் கணக்கை வைத்து அளந்தது அநியாயம் என்று எல்லாரையும் போல எனக்கும் கோபம் வந்தது. ஆனால் மெட்ரோ நாளைக்கே வந்தாலும் உசிலம்பட்டி ரோட்டுக்காரர் திருமங்கலம் போய் அதில் ஏறப்போவதில்லை. மெட்ரோவுக்காகப் போராடுகிற கட்சிக்காரர்கள், அதில் நூறில் ஒரு பங்கு மூச்சை இந்தத் தடங்களுக்குக் கொடுத்தால்கூடப் போதும்.

பணத்துக்கு எங்கே போவது என்று நிதித் துறை கேட்கும். மாநகராட்சி ஒரு காலத்தில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. மாட்டுத்தாவணிப் பக்கத்திலிருந்து கப்பலூர் வரை உள்ள சுமார் 27 கி.மீ. ரிங் ரோட்டைக் கடன் வாங்கிப் போட்டு, சுங்கம் வசூலித்து, 2001-ல் 30 கோடிக்குக் கடன் பத்திரமும் வெளியிட்டது நம் மாநகராட்சிதான், அப்போது நாட்டில் அதைச் செய்த மாநகராட்சிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தத் துணிச்சல் எங்கே போயிற்று? மாசி வீதிகளிலும் டவுன் ஹால் ரோட்டிலும் நாள் முழுக்க இலவசமாகக் கார் நிறுத்துகிறவர்களிடம் மணிக்குக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தை அப்படியே பஸ் ஒப்பந்தங்களுக்குக் கொடுங்கள். உபயோகிக்கிறவன் காசு கொடுக்கட்டும் என்பதில் எனக்குச் சங்கடமே இல்லை. ஆனால் அதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும்: நகராட்சி எல்லையிலிருந்து 10 கி.மீ. தள்ளித்தான் சுங்கச்சாவடி வைக்க வேண்டும் என்று 2008 விதி இருந்தும் கப்பலூர் சாவடி திருமங்கலத்தின் வாசலிலேயே நிற்கிறது, உள்ளூர்க்காரர்கள் வருஷக்கணக்கில் மறியல் செய்கிறார்கள். அதில் போன தூரத்துக்குக் காசு என்ற நியாயம் எங்கே இருக்கிறது? அந்த மாதிரி வசூலைப் பார்த்துத்தான் ஜனங்கள் எந்தக் கட்டணத்தையும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சரி, செய்யக்கூடியதாக ஒன்று சொல்கிறேன். மூன்று தடங்கள் எடுங்கள். செக்கானூரணி பக்கத்து உள்ளூர்களிலிருந்து ஆரப்பாளையத்தில் நிற்காமல் நேரே மாட்டுத்தாவணிக்கு. வாடிப்பட்டி, சமயநல்லூர் பக்கத்திலிருந்து ஒன்று. மேலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒன்று. விடியற்காலை நாலு முதல் ஏழு, ராத்திரி ஒன்பது முதல் பதினொன்று, இந்த நேரங்களில் மட்டும். சாக்கு வைக்க இடம் உள்ள வண்டி. ஒரு வருஷ ஒப்பந்தம், ஓடிய கிலோமீட்டருக்குப் பணம், ஓடாத நடைக்குப் பிடித்தம், எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை நடை தவறியது என்ற கணக்கை மாதாமாதம் கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒட்டுங்கள். தோற்றால் ஒரு வருஷத்தில் நிறுத்திவிடலாம்.

கணக்கு வேண்டுமென்றால் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு எத்தனை சாக்கு வருகிறது என்ற விவரத்தை எங்கள் கடை நோட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன், பக்கத்துக் கடைக்காரர்களும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இதையே மனுவாக, பூ விவசாயிகளின் கையெழுத்தோடு கொண்டு வருகிறோம். காலையில் மார்க்கெட் முடிந்துதான் வர முடியும், பதினொரு மணி ஆகும். “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில் வேண்டாம். முடியாது என்றால் எந்தப் பிரிவின்படி முடியாது என்று எழுத்தில் கொடுங்கள், அதை வைத்து அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே போகிறோம்.

இப்படிக்கு,
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை